ஆமணக்கு விதைத்த மண்

1801ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் சென்னைக் கோட்டையிலிருந்து ஒரு பிரகடனம் வெளிவந்தது. ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்டது. இவர் பிளாசிப் போர் ராபர்ட் கிளைவின் மகன். தென் சீமைப் பாளையக்காரர்களுக்கும் சேர்வைக்காரர்களுக்கும் குடிமக்களுக்கும் அது சொன்ன சேதியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: கம்பெனி அனுமதிக்காத ஆயுதம் எதையும் இனி யாரும் வைத்திருக்கக் கூடாது. பாளையக்காரர்கள் படை திரட்டும் பழைய வழக்கம் ஒழிந்தது. மறைத்து வைத்தால் மரண தண்டனை வரை போகலாம். அடங்கி உழவுக்குத் திரும்புகிறவர்களுக்கு மன்னிப்பு உண்டு, நிலத்துக்கு நிரந்தரமான வரியும் ஜமீன் உரிமையும் உண்டு.

அது வெளிவந்தபோது ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிட்டுப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டு ஐந்து வாரம் கடந்திருந்தது. சமாதானம் என்று நம் வரலாற்றுப் பாடங்கள் இதைச் சொல்வதில்லை, 'கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது' என்று ஒரு வரியில் முடித்துவிடும். ஆனால் ஒரு பெரும்போருக்குப் பிறகு வென்றவர் தோற்றவரிடம் செய்துகொள்ளும் ஏற்பாட்டுக்கு உரியவை எல்லாம் இதில் இருக்கின்றன. ஆயுத ஒப்படைப்பு, நிலப்பங்கீடு, பொதுமன்னிப்பு, நாடு கடத்தல், புதிய வரி. கையெழுத்துப் போடத் தோற்ற தரப்பில் ஒருவரையும் கூப்பிடவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இதை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "தோத்தவங்க வீட்டுப் பொம்பளைங்கல்லாம் எங்க போனாங்க மேடம்?" சரித்திரம் என் பாடம் அல்ல, நான் தமிழ் நடத்துகிறவள். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நான் முதலில் போனதும் புறநானூற்றுக்குத்தான்.

புறநானூற்றின் 15ஆம் பாடலில் நெட்டிமையார் முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடுகிறார். பகைவர் ஊரின் தேரோடிய தெருக்களைக் கழுதையைப் பூட்டி உழுதவன் என்பது அங்கே புகழ்மொழி. 392ஆம் பாடலில் ஔவையார் அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போது, உழுத இடத்தில் வெள்வரகும் கொள்ளும் விதைத்ததைச் சேர்த்துச் சொல்கிறார். புறப்பொருள் வெண்பாமாலை 'உழுது வித்திடுதல்' என்று இதற்கு ஒரு துறையே வகுத்தது. தோற்றவன் வாழ்ந்த இடம் இனி வீடு கட்டத்தக்க இடம் அல்ல என்று அறிவிப்பதுதான் இந்தச் சடங்கு. தொண்டைமானிடம் தூது போய்ப் போரைத் தடுக்கப் பார்த்த அதே ஔவைதான் கழுதை ஏரையும் பாடினார். பெண் பாடினால் போர் குறைவாகப் பாடுவாள் என்று எதிர்பார்க்கிற தோழிகளுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

ஆயிரம் வருடம் கழித்தும் அந்த ஏர் ஓய்ந்தபாடில்லை. 1216இல் பட்டத்துக்கு வந்த முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன் சோழநாட்டை வென்று தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். கழுதை கொண்டு உழுது கவடி விதைத்ததை அவனுடைய மெய்க்கீர்த்தி பெருமையாகச் சொல்கிறது. அதே மெய்க்கீர்த்தியில் அடுத்த காட்சியும் இருக்கிறது. ஓடிப்போன சோழனைப் பொன்னமராவதிக்கு வரவழைத்து, அடிபணிய வைத்து, முடியையும் நாட்டையும் திருப்பிக் கொடுத்தான். தோற்றவனோடு சமாதானம் செய்வதற்குத் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் கிடைக்கும் தெளிவான எடுத்துக்காட்டு இது. முதலில் எரிப்பது, பிறகு உழுவது, கடைசியில் இரக்கம் காட்டிக் கொடுப்பது. கொடுத்த நாடு கொடுத்தவனுடைய பெருமைக்கு இன்னொரு அடைமொழியானது.

இந்தச் சமாதானங்களில் பெண்கள் எங்கே என்றால், கொள்ளைப் பொருள் பட்டியலில் இருக்கிறார்கள். பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் 'கொண்டி மகளிர்' பொதியிலில் விளக்கேற்றுகிறார்கள். பகைவர் நாட்டிலிருந்து பிடித்துவரப்பட்ட பெண்கள் அவர்கள். சோழர் கல்வெட்டுகளில் வரும் 'வேளம்' என்ற சொல் அப்படிப் பிடிபட்டவர்களும் பணிப்பெண்களும் இருந்த குடியிருப்பைக் குறிக்கிறது. முதலாம் இராஜாதிராஜனின் மெய்க்கீர்த்தி, இலங்கை மன்னன் ஒருவனுடைய தமக்கையையும் மனைவியையும் பிடித்ததையும் தாயின் மூக்கை அரிந்ததையும் கூச்சமில்லாமல் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. தோற்ற அரசனின் மகள்கள் பாடிய பாட்டு ஒன்று புறநானூற்றில் உண்டு. தகப்பனையும் குன்றையும் இழந்த அந்த இரண்டு பெண்களின் பெயர் அங்கே இல்லை. பாடியவர் 'பாரி மகளிர்'. அங்கவை, சங்கவை என்பதெல்லாம் பிற்காலத்தார் வைத்த பெயர்கள். அந்தப் பெண்களுக்கு மணம் முடித்துவைக்கக் கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய் நின்றார். இருவரும் மறுத்துவிட்டார்கள். தோற்ற வீட்டிலிருந்து பெண்ணெடுத்தால் வென்ற மூவேந்தரின் பகை வரும் என்கிற கணக்காக இருக்கலாம்.

1801 மே 24 அன்று அக்னியூ பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்த பிறகு அதைத் தரைமட்டமாக்கி, உழுது, ஆமணக்கு விதைத்தார்கள் என்று சொல்வார்கள். ஊரின் பெயரையே கணக்குகளிலிருந்து எடுத்துவிட உத்தரவானது. கம்பெனி அதிகாரிகள் புறநானூறு படித்திருக்க வழியில்லை, அது அச்சேறவே 1894 ஆனது. எனக்கு உறைப்பது வேறு. ஆமணக்கு என்ற விவரத்தை விடாமல் நமக்குக் கடத்திவந்தவர்கள் இந்த மண்ணின் ஜனங்கள். பகைவர் ஊரில் ஏர் ஓட்டினால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

என் ஊர் கரிவலம்வந்தநல்லூர். தெற்கே சங்கரன்கோவில், மேற்கே சிவகிரி, தென்மேற்கே நெற்கட்டும்செவல். பூலித்தேவனுடைய கோட்டை இருந்த ஊர் அது. எங்கள் ஊரிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு பாளையத்து எல்லையை மிதித்தாக வேண்டும். 1755இல் கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவலுக்கு வந்து கப்பம் கேட்டு, ஒன்றும் கிடைக்காமல் திரும்பினான். பிறகு யூசுப்கான் வந்து 1761இல் நெற்கட்டும்செவலையும் வாசுதேவநல்லூரையும் பனையூரையும் பிடித்தான். தோற்ற பூலித்தேவன் சங்கரன்கோவிலில் கோமதியம்மன் சந்நிதிக்குள் போய் மறைந்துவிட்டான் என்பது எங்கள் பக்கத்துக் கதை. 1799இல் மறுபடி போர் மூண்டபோது சிவகிரியில் தகப்பன் கம்பெனியின் பக்கம், மகன் கட்டபொம்மன் பக்கம். ஒரே அடுப்பில் இரண்டு பேருக்கும் சோறு பொங்கியவர்கள் யார் பக்கம் நின்றார்கள் என்று எழுதிவைக்க ஆளில்லை.

எழுதி வைத்திருந்தாலும் தங்கியிருக்குமா என்பது தனிக்கேள்வி. வரதுங்கராம பாண்டியன் காலத்து ஏடுகள் எங்கள் பால்வண்ணநாதர் கோவிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு உ.வே. சாமிநாதையர் தேடி வந்தார். பழுதான ஏடுகளை ஆகம விதிப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகக் கோவிலில் அவருக்குப் பதில் கிடைத்தது. அந்த வேதனையை 'என் சரித்திர'த்தில் பதிவு செய்திருக்கிறார். எங்கள் ஊருக்குத் தமிழ் இலக்கிய வரலாற்றில் கிடைத்த நிரந்தர இடம் இந்த நெருப்புதான். அந்த ஏடுகளில் பெண்கள் எழுதியது ஒன்று இருந்ததா, ஒன்றும் இல்லையா? சாம்பலிடம் கேட்க முடியாது. ஆகவே தோற்றவர்களின் சரித்திரத்தைத் தேட வென்றவர்களின் காகிதங்களுக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. மனசு ஒப்பாமல்தான் போகிறேன்.

அந்தக் காகிதங்களின்படி நடந்தது இது. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மென் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினான். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில், மற்றப் பாளையக்காரர்களை எல்லாம் வரவழைத்துப் பார்க்க வைத்துக் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டான். கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் அப்போதே ஆணை பிறந்தது. அந்த முதல் சமாதானம் பதினாறு மாதம்கூடத் தாங்கவில்லை. 1801 பிப்ரவரி 2 அன்று ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையை உடைத்து வெளியேறினார். இடித்த கோட்டை சில நாட்களில் மறுபடி எழுந்து நின்றது. மார்ச் கடைசியில் அதைத் தாக்கிய மெக்காலேயின் படை அடிபட்டுப் பின்வாங்கியது. போர் நடந்துகொண்டிருந்த ஜூலை 31 அன்றே ஆற்காட்டு நவாப் அசீம் உத் தௌலாவோடு ஓர் ஒப்பந்தம் முடிந்தது. வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு கர்நாடகத்தின் ஆட்சி முழுவதையும் நவாப் கம்பெனியிடம் விட்டுவிட்டார். எங்கள் சீமையின் எஜமானன் மாறியது இப்படி, எங்களைக் கேட்காமல், சென்னையில். பாஞ்சாலங்குறிச்சி நிலம் எட்டயபுரம், மணியாச்சி முதலிய விசுவாசிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அண்டை வீட்டுக்காரனுக்கே பங்கு கொடுத்தது வென்றவனின் சாமர்த்தியம். பகை உள்ளூரிலேயே தங்கிவிட்டது. கயத்தாறுக்கும் எட்டயபுரத்துக்கும் பெண் கொடுத்து எடுத்த வீடுகளில் அது எத்தனை தலைமுறை புகைந்திருக்கும்!

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பாளையங்களின் காலம் பொற்காலம் அல்ல. உழுகிறவன் கம்பெனிக்குக் கட்டும் முன்பு பாளையக்காரனுக்குக் கட்டினான். தேசக்காவல், ஸ்தலக்காவல் என்று காவல் கூலி தனியாகப் போனது. பண்ணையடிமையாய் இருந்த குடும்பங்களின் பெண்களுக்கு எந்தக் கோட்டை விழுந்தாலும் நாற்றங்கால் அதேதான். வீரத்தைக் கொண்டாடும் புத்தகங்கள் இதைச் சொல்லாது. குடிகளைப் பாளையக்காரனின் கொடுமையிலிருந்து விடுவித்தோம் என்று கம்பெனி சொன்னதையும் அப்படியே விழுங்க வேண்டாம். 1803இல் வந்த நிரந்தர வரித்திட்டத்தில் பாளையக்காரன் ஜமீன்தாரானான். வாள் போய்விட்டது, வசூல் மட்டும் இருந்தது.

இனி அந்த மாணவியின் கேள்வி. இரண்டு பிரகடனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஒன்று மேலே சொன்ன கிளைவினுடையது. மற்றொன்று அதே 1801 ஜூன் 16 அன்று சின்னமருது திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டவைத்தது, ஜம்புத்வீபப் பிரகடனம். எல்லாச் சாதியாரும் முகமதியரும் ஒன்று சேர்ந்து ஐரோப்பியரைத் துரத்தவேண்டும் என்ற அந்த அழைப்பு இன்றைக்குப் படித்தாலும் உடம்பு சிலிர்க்கும். ஆனால் அது யாரைக் கூப்பிடுகிறது? மீசை வைத்திருப்பவர்களை. கடைசியில் ஒரு சாபம் வருகிறது. வராதவனுடைய மனைவியும் மக்களும் அடுத்தவனுக்கு ஆகட்டும் என்கிறது அது. விடுதலைக்கான அழைப்பில் பெண்ணுக்குக் கிடைத்த ஒரே இடம் அந்தச் சாபம். வென்றவனின் பிரகடனம் ஆயுதம் ஏந்தியவர்களோடு பேசுகிறது, தோற்றவனின் பிரகடனம் மீசை வளர்த்தவர்களோடு பேசுகிறது. இத்தனைக்கும் சின்னமருது வேலுநாச்சியாரின் கீழ் வளர்ந்தவர். 1772இல் காளையார்கோவிலில் கணவர் கொல்லப்பட்ட பிறகு விருப்பாச்சிக்குப் போய், எட்டு வருடம் காத்திருந்து, ஹைதர் அலியின் உதவியோடு 1780இல் சிவகங்கையைத் திரும்பப் பிடித்த பெண் அவர். 1796இல் இறந்தார். ஐந்தே வருடத்தில் பிரகடனத்துக்கு மீசை முளைத்துவிட்டது.

பெண்கள் வரும் இடம் எதிர்பாராத ஒருவருடைய எழுத்தில் இருக்கிறது. ஜேம்ஸ் வெல்ஷ் பாஞ்சாலங்குறிச்சித் தாக்குதலில் பங்கெடுத்த கம்பெனி அதிகாரி. 1830இல் தன் ராணுவ நினைவுகளை லண்டனில் வெளியிட்டார். கோட்டை விழுந்த பிறகு நடந்ததாக அவர் எழுதுவது இது. பக்கத்து ஊர்ப் பெண்கள் சிலர் தங்கள் வீட்டு ஆண்களைத் தேடிப் பிணங்களுக்கு நடுவே வந்தார்கள். ஒரு தாய் தன் மகன் குற்றுயிராய்க் கிடப்பதைக் கண்டாள். தூக்கப்போனபோது அவன் தடுத்தான். தான் செத்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் காயப்பட்டுக் கிடக்கும் சாமியைக் காப்பாற்று என்றான். சாமி என்றது ஊமைத்துரையை. அந்தப் பெண்கள் மகனை விட்டுவிட்டு அவரைத் தூக்கிப்போனார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். பெண்கள் அவர்மேல் துணியைப் போர்த்தி மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள், பிள்ளை அம்மை கண்டு செத்துவிட்டான் என்றார்கள். வந்தவர்கள் அம்மைக்குப் பயந்து ஓடிப்போனார்கள்.

வெல்ஷ் இதை வியந்து எழுதுகிறார். அந்தத் தாயின் பெயரை எழுதவில்லை. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை. ஒரு தாய் சாகக் கிடக்கும் மகனை விட்டுவிட்டுத் தலைவனைத் தூக்கினாள் என்பதை விசுவாசத்தின் கதையாகத்தான் வெல்ஷும் சொல்கிறார், நம் மேடைப் பேச்சாளர்களும் சொல்கிறார்கள். அந்த முடிவு அவளுடையதா, அவளால் வேறு முடிவு எடுத்திருக்க முடியுமா என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. ஆனால் அம்மை என்ற பொய் இருக்கிறதே, அது முழுக்க அவர்களுடையது. ஒப்பாரி வைப்பதும் அம்மை கண்ட வீட்டைப் பார்த்துக்கொள்வதும் பெண்களின் வேலை. எந்தச் சொல்லுக்கு ஆண்கள் கிட்டே வரமாட்டார்கள் என்று அவர்களுக்கு அத்துபடி. கோட்டையில் இருந்த ஈட்டியும் துப்பாக்கியும் செய்ய முடியாததை ஒரு வெள்ளைத்துணி செய்தது. டிசம்பர் பிரகடனத்தின் ஆயுதப் பட்டியலில் ஒப்பாரி இல்லை.

இதே வெல்ஷுக்குப் போருக்கு முன் வளரி எறியக் கற்றுக்கொடுத்தவர் சின்னமருது. அவரைத் தூக்கிலிட்ட பிறகு பதினைந்து வயது மகன் துரைசாமியையும், வேங்கன் பெரிய உடையணத் தேவரையும், சிவகிரி மாப்பிள்ளை வன்னியனையும், இன்னும் பலரையும் சேர்த்து 73 பேரை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து அட்மிரல் நெல்சன் என்ற கப்பலில் பினாங்குக்கு ஏற்றினார்கள். வெல்ஷ் 1818இல் பினாங்கில் துரைசாமியைப் பார்த்தார். முப்பது வயதைத் தாண்டியவன் கிழவனைப்போல் இருந்ததாக எழுதுகிறார். பொதுமன்னிப்பு என்பது இந்தக் கப்பல் புறப்பட ஏற்பாடாகிக்கொண்டிருந்த நேரத்தில் அறிவிக்கப்பட்டது.

73 ஆண்கள் என்றால், அவர்களில் மணமானவர்கள் எத்தனை பேரோ அத்தனை பெண்கள் கரையில் நின்றார்கள். கடல் கடந்து போனவன் செத்தானா இருக்கிறானா என்று தெரியாதவள் தாலியை என்ன செய்வாள்? தூக்கிலிடப்பட்டவன் மனைவிக்கு ஊர் ஒரு சடங்கு வைத்திருக்கிறது, அந்தச் சடங்கு கொடியதுதான். நாடு கடத்தப்பட்டவன் மனைவிக்கு அதுவும் இல்லை. திருவிழாவில் அவள் எந்த வரிசையில் நிற்பாள், யார் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடுவார்கள், பிள்ளைக்குக் காது குத்த யார் மடியில் உட்கார வைப்பாள்? இதைக் கற்பனையாகக் கேட்கவில்லை. 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோவில் முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்த தாய்மாரும் மனைவிமாரும் கேட்டதும் இதைத்தான். 2009 மே மாதத்தோடு போர் முடிந்தது என்று அறிவித்தாகிவிட்டது, நல்லிணக்க ஆணைக்குழு விசாரித்து அறிக்கையும் கொடுத்தாகிவிட்டது. கையளித்த பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. வருடக்கணக்காகத் தெருவோரத்தில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் பதில் கேட்காமலே இறந்தும் போனார்கள். மரணச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளச் சொன்னால் மறுக்கிறார்கள். சமாதானம் என்பது வென்ற அரசுக்கு ஒரு தேதி. அவர்களுக்கு அது முடியாத வழக்கு.

வழக்கு என்றதும் எங்கள் தென்சீமை ராணிகள் நினைவுக்கு வருகிறார்கள். இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது, சிக்கலானதும்கூட. ராமநாதபுரத்து முத்துராமலிங்க சேதுபதியை 1795இல் கம்பெனி பதவியிறக்கிச் சிறையில் வைத்தது. அவர் சிறையிலேயே இறந்தார். அவருடைய தமக்கை மங்களேசுவரி நாச்சியாருக்கு 1803இல் ஜமீன் சன்னது கிடைத்தது. ஆயுதம் ஏந்தத் தெரியாத பெண் என்றால் ஆபத்தில்லை என்று கம்பெனி கணக்குப் போட்டிருக்கலாம். அது தப்புக் கணக்கு என்று அடுத்த தலைமுறைகள் காட்டின. ஆயுதத்தைப் பறித்துக்கொண்டால் மிஞ்சுவது மனுதான். நாச்சியார்கள் மனுப் போட்டார்கள்.

சிவகங்கையில் மருதுகளுக்கு எதிராகக் கம்பெனி 1801இல் முன்நிறுத்திய ஆள் படமாத்தூர் கௌரி வல்லப உடையணத் தேவர். அவர் 1829இல் மகன் இல்லாமல் இறந்தார். மனைவிகள் இருந்தார்கள், மகள்கள் இருந்தார்கள். அண்ணன் வாரிசுகள் ஜமீனை எடுத்துக்கொண்டார்கள். கூட்டுக்குடும்பச் சொத்து ஆண்வழிக்குத்தான் போகும் என்பது அவர்கள் வாதம். மனைவிகளும் மகள்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு ஒரு தலைமுறையைத் தின்று தீர்த்தது. கடைசியாக 1863இல் லண்டன் பிரிவி கவுன்சில் மகள் காத்தம நாச்சியார் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இன்றும் சட்டக் கல்லூரிகளில் இந்து வாரிசுரிமைப் பாடத்தில் இந்த வழக்கைப் படிக்கிறார்கள், படிக்கும் பெண்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவள் எந்த ஊர்க்காரி என்று தெரியும் என்பது வேறு விஷயம். நாச்சியார் எதனால் வென்றாள்? ஜமீன் அவள் தகப்பனின் பரம்பரைச் சொத்து அல்ல, அவருடைய சுயசம்பாத்தியம் என்று கோர்ட் முடிவு செய்ததால். சுயசம்பாத்தியம் எப்படி ஆனது? கம்பெனி அதை அவருக்குக் கொடுத்ததால். கொடுக்க முடிந்தது எப்படி? மருதுகளைத் தூக்கிலிட்டதால், துரைசாமியைக் கப்பல் ஏற்றியதால். ஒரு மகளின் சொத்துரிமை இன்னொரு வீட்டின் தூக்குக் கயிற்றில் தொங்குகிறது. பெண்ணுக்குக் கிடைத்த வெற்றி என்று மட்டும் இதை எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. வெற்றி இல்லை என்று சொல்லவும் மாட்டேன்.

ஐந்து வருடம் கழித்து, 1868இல், ராமநாதபுரத்து ராணி பர்வதவர்த்தனி நாச்சியாரின் வழக்கு வந்தது. கணவன் அனுமதி கொடுக்காமல் செத்துப்போனாலும் உறவினர் சம்மதத்தோடு விதவை சுவீகாரம் எடுக்கலாம் என்று தீர்ப்பானது. எதிர்த்தரப்பில் நின்றது மதுரை கலெக்டர். வாரிசில்லாத ஜமீன் சர்க்காருக்கு வந்துவிடும் என்று காத்திருந்த அரசாங்கம் வழக்கை லண்டன் வரை இழுத்துப்போயும் ஒரு விதவையிடம் தோற்றது. வேலுநாச்சியார் படத்தைச் சுவரில் மாட்டுகிறோம், வேண்டியதுதான். குதிரையும் வாளும் படத்துக்கு நன்றாக வருகின்றன. வக்காலத்துக் காகிதத்தைப் படம் போடுவது கடினம்.

தோற்றவர்களோடு செய்யும் சமாதானத்தில் பெண்கள் தாங்களாகவே வாய்திறந்த சந்தர்ப்பம் ஒன்று உலகச் சரித்திரத்தில் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1919 மே 7 அன்று வெர்சாய் ஒப்பந்த ஷரத்துகள் ஜெர்மானியர் கையில் கொடுக்கப்பட்டன. ஐந்தாம் நாள் சூரிச் நகரில் பெண்களின் மாநாடு தொடங்கியது. பாரிசில் சமாதான மாநாடு நடக்கும் இடத்திலேயே கூட எண்ணியிருந்தார்கள், தோற்ற நாட்டுப் பெண்கள் அங்கே வர முடியாது என்பதால் சூரிச்சுக்குப் போனார்கள். ஜேன் ஆடம்ஸ் தலைமை. வென்ற நாட்டுப் பெண்களும் தோற்ற நாட்டுப் பெண்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்த ஷரத்துகளைப் படித்து, இது அடுத்த போருக்கு வித்து என்று தீர்மானம் போட்டார்கள். போர் நின்ற பிறகும் நீடித்த உணவு முற்றுகையைக் கண்டித்தார்கள். பட்டினி கிடந்த பிள்ளைகள் தோற்ற நாட்டின் பிள்ளைகள் என்பது அவர்களுக்குக் காரணமாகப் படவில்லை. அந்தத் தீர்மானத்தை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. ஜூன் 28 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. இருபது வருடத்தில் என்ன ஆனது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

எங்கள் சமாதானத்துக்கு வித்து எங்கே முளைத்தது? காவல் உரிமை போன குடும்பங்களும், காவல் தொழிலையே குற்றமாகப் பார்க்கத் தொடங்கிய போலீசும் நூறு வருடம் முட்டிக்கொண்டன. தென்மாவட்டங்களில் கள்ளர் மறவர் குடிகள் பலவற்றின்மேல் குற்றப்பரம்பரைச் சட்டம் பாய்ந்தது, ரேகை வைப்பதும் ராத்திரி ஸ்டேஷனில் போய்ப் படுப்பதும் வந்தன. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. கொல்லப்பட்டவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தி. 1801இல் ஆரம்பித்த ஒரு சமாதானத்தின் கணக்கில் அவளையும் சேர்க்கிறேன். சரித்திரக்காரர்கள் இடைவெளி அதிகம் என்பார்கள், சொல்லட்டும்.

இப்போது ஒவ்வொரு வருடமும் ஆகஸ்டில் எங்கள் பக்கத்தில் தடையுத்தரவு போடுவது வழக்கமாகிவிட்டது. ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன் நினைவு நாள், செப்டம்பர் 1 பூலித்தேவன் பிறந்த நாள். இரண்டும் நெற்கட்டும்செவல் சார்ந்தவை. ஒரே படையில் நின்ற இருவருடைய நாட்களும் இரண்டு சாதிகளின் நாட்களாகிவிட்டதால், நடுவில் உள்ள நாட்களுக்கும் சேர்த்துத் தடை. வாள், கத்தி, கம்பு கொண்டுவரக் கூடாது, ஊர்வலமாய் வரக் கூடாது, ஐந்து பேருக்குமேல் கூடக் கூடாது. போன வருடம் அந்த உத்தரவின் நகலையும் 1801 பிரகடனத்தின் சுருக்கத்தையும் முதுகலை மாணவிகளிடம் கொடுத்து ஒப்பிட்டு எழுதச் சொன்னேன். ஆயுதப் பட்டியலில் துப்பாக்கி போய் ஜீப்புக் கூரை வந்திருப்பதாக ஒருத்தி எழுதினாள். எந்தத் தெருப்பெண்களுக்கும் இரண்டு காகிதத்திலும் வேலையில்லை என்று இன்னொருத்தி எழுதினாள்.

பதினொரு பேர் கட்டுரை கொடுக்கவில்லை. அவர்கள் அந்த இரண்டு வாரமும் வகுப்புக்கே வரவில்லை. பஸ் ஓடவில்லை என்று சிலர், வீட்டில் விடவில்லை என்று மற்றவர்கள். வருகைப்பதிவு எழுபத்தைந்து விழுக்காட்டுக்குக் கீழே போய்விட்டால் தேர்வு எழுத அபராதம் கட்ட வேண்டும். தடையுத்தரவு காரணமாக வரவில்லை என்று அவர்களையே தனித்தனியாக விண்ணப்பம் எழுதச் சொன்னேன். கீழே தகப்பனார் கையெழுத்துக்கு ஓர் இடம் இருக்கும், அந்த இடத்தில் எட்டுப்பேருடைய அம்மாக்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அலுவலகத்தில் செல்லாது என்றார்கள். திரும்பவும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.